அவதூறு என்று எழுதாதீர்கள்: சமூக ஊடக இழிவும் சட்டத்தின் கதவுகளும்

மேலூர் வட்டாரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர் இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தார். ஊர்த் திருவிழாவில் தங்கள் தெருப் பெண்கள் கும்மியடித்ததை யாரோ கைப்பேசியில் படம்பிடித்து, சாதிப் பெயரையும் சேர்த்து ஆபாசமாக எழுதி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார்கள். விடிவதற்குள் அது மூன்று குழுக்களுக்குப் பரவிவிட்டது. காலையில் மூலப் பதிவு நீக்கப்பட்டிருந்தது. மாணவர் தாமே ஒரு புகார் எழுதிக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார். “எங்களையும் எங்கள் தெருப் பெண்களையும் அவதூறு செய்துள்ளனர்” என்பது அதன் முதல் வரி. படித்துப் பார்த்த அதிகாரி, “அவதூறுன்னா கோர்ட்டுல போய்ப் போட்டுக்கப்பா, இங்க எஃப்.ஐ.ஆர். போட முடியாது” என்று திருப்பி அனுப்பிவிட்டார். “அக்கா, அவங்க அதை அழிச்சும்புட்டாங்க. இனி ஒண்ணும் செய்ய முடியாதா?” என்றார் மாணவர்.

அந்த அதிகாரி நல்லெண்ணத்தோடு சொன்னாரா என்பது வேறு கேள்வி. சொன்ன சட்டம் சரியானது. அவதூறு என்பது பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றமன்று. அதற்குக் காவல்துறை தானாக முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்ய முடியாது. ஆனால் அந்த மாணவருக்கும் அப்பெண்களுக்கும் நடந்தது அவதூறு அல்ல, வன்கொடுமை. புகாரின் முதல் வரியில் விழுந்த ஒரு சொல் வழக்கை வேறு வாசலுக்குத் திருப்பிவிட்டது. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களிலிருந்து வரும் புகார் மனுக்களில் இதே பிழையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எனவே எந்தச் சட்டம் எங்கே பொருந்தும், எங்கே நம்மைக் கைவிடும், எங்கே நமக்கு எதிராகவே திரும்பும் என்பதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

அவதூறு: யாருடைய நற்பெயர்?

இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500ஆம் பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவாக மாறியுள்ளன. எண் மாறியதே தவிர உள்ளடக்கம் பெரும்பாலும் பழையதே. ஒருவரின் நற்பெயருக்குக் கேடு விளைவிக்கும் நோக்கத்தோடோ, கேடு விளையும் என்று அறிந்தோ ஒரு குற்றச்சாட்டைச் சொல்லாலோ எழுத்தாலோ படத்தாலோ வெளியிடுவது அவதூறு. தண்டனை இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிய சட்டத்தில் சமூக சேவையும் ஒரு தண்டனையாகச் சேர்க்கப்பட்டுள்ளது. அவதூறு குற்றமாகவே இருக்க வேண்டுமா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் 2016 மே 13 அன்று முடித்துவைத்தது. நற்பெயர் என்பது வாழ்வுரிமையின் பகுதி, எனவே குற்றவியல் அவதூறுச் சட்டம் செல்லும் என்பது தீர்ப்பு.

இச்சட்டத்தின்படி பாதிக்கப்பட்ட நபரே நீதித்துறை நடுவரிடம் தனிநபர் புகார் கொடுக்க வேண்டும். மூன்று ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223ஆம் பிரிவின்படி, புகாரை நடுவர் விசாரணைக்கு ஏற்கும் முன்பே எதிர்த்தரப்புக்குப் பேச வாய்ப்பளிக்க வேண்டும். இழப்பீடு கேட்டு உரிமையியல் வழக்கும் போடலாம். ஆனால் அதற்கு வெளியான நாளிலிருந்து ஓராண்டுதான் கெடு; கேட்கும் தொகைக்கேற்ப நீதிமன்றக் கட்டணமும் கட்ட வேண்டும். ‘இணையத்தில் இன்னும் கிடக்கிறதே, ஒவ்வொரு நாளும் புதிய அவதூறுதானே’ என்று வாதாட முடியாது. முதலில் வெளியான நாளிலிருந்தே கெடு ஓடத் தொடங்குகிறது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013இலேயே கூறியிருக்கிறது.

இதைவிட முக்கியமான தடை வேறொன்று. அவதூறு வழக்குத் தொடுக்க, தாக்கப்பட்டவர் அடையாளம் காணத்தக்க ஒரு நபராகவோ வரையறுக்கத்தக்க ஒரு குழுவாகவோ இருக்க வேண்டும். இந்த விதி உறுதிப்பட்டதே நம் மாநிலத்து வழக்குகளில்தான். 1971 ஜனவரியில் சேலத்தில் நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டின் தீர்மானம் ஒன்றைத் திரித்து வெளியிட்டதாக நாளிதழ்கள் மீது மாநாட்டு வரவேற்புக் குழுத் தலைவர் வழக்குத் தொடுத்தார். மாநாட்டுக்கு வந்த கூட்டம் வரையறுக்கத்தக்க குழு அன்று, எனவே அவர் சட்டப்படி பாதிக்கப்பட்டவர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1972இல் தள்ளுபடி செய்தது. நடிகை குஷ்பு மீது மாநிலமெங்கும் தொடுக்கப்பட்ட 23 புகார்களும் 2010இல் ரத்தானதற்கு இதுவும் ஒரு காரணம். ‘தமிழ்ப் பெண்கள்’ என்ற பெருந்திரளின் சார்பில் எவரும் அவதூறு வழக்குப் போட முடியாது.

இந்த விதியில் நியாயம் உண்டு. இல்லையென்றால் சாதிச் சங்கத் தலைவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கட்டுரைக்கும் வழக்குத் தொடுப்பார். ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு முழுச் சமூகத்தையும் இழிவுபடுத்தும் காணொளிக்கு அவதூறுச் சட்டத்தில் மருந்தே இல்லை. நற்பெயரை அச்சட்டம் தனிமனிதரின் சொத்தாகப் பார்க்கிறது. பிறப்பின் பெயரால் அந்தச் சொத்து மறுக்கப்பட்டவர்களை அது எண்ணிப் பார்க்கவே இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் மிரட்டல், பின்தொடர்தல், பெண்ணின் மாண்பைக் குலைத்தல் போன்ற தண்டனைச் சட்டக் குற்றங்கள் சேர்க்கப்பட்டபோதும் அவதூறு அதில் இடம்பெறவில்லை.

அப்படியானால் இச்சட்டம் யாருக்குப் பயன்பட்டது? தமிழ்நாட்டு அரசே அதன் பெரிய வாடிக்கையாளர். ஐந்தாண்டுகளில் 213 அவதூறு வழக்குகள் தொடுக்கப்பட்டதாக 2016இல் மாநில அரசே உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அமைச்சர்களுக்கு அரசு வழக்கறிஞர் மூலம் நேராக அமர்வு நீதிமன்றத்துக்குச் செல்லும் சிறப்பு வழி சட்டத்திலேயே இருக்கிறது. பத்திரிகையாளர்கள் மீதான பல வழக்குகளை 2020 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, குற்றவியல் அவதூறை ஜனநாயகத்தின் குரலை நெரிக்கும் கருவியாக அரசு பயன்படுத்தலாகாது என்று கண்டித்தது.

நம் தரப்பினர் மீதும் இச்சட்டம் பாயக்கூடும். அப்போது நினைவில் வைக்க வேண்டியவை விதிவிலக்குகள். உண்மை என்பது மட்டும் போதாது. பொதுநலனுக்காக வெளியிடப்பட்ட உண்மையாகவும் இருக்க வேண்டும். நீதிமன்ற நடவடிக்கைகளைப் பெரும்பாலும் சரியாக வெளியிட்ட செய்தி அவதூறாகாது. அதிகாரம் படைத்த அலுவலரிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகாரும் அவதூறாகாது. இந்தக் கடைசி விதிவிலக்கில் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஊராட்சித் தலைவர் மீது ஆட்சியரிடம் திங்கட்கிழமை கொடுக்கும் மனுவுக்குப் பாதுகாப்பு உண்டு. அதே மனுவைப் படமெடுத்து அன்று மாலையே முகநூலில் போட்டால், அந்தப் பாதுகாப்பு அப்படியே கூட வராது. அங்கே நீங்கள் உண்மையையும் பொதுநலனையும் தனியே நிறுவ வேண்டும். மனுவைக் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டை வாங்குங்கள், வெளியிடுவதாயின் ஆதாரம் கையில் இருக்கும் வரிகளை மட்டும் வெளியிடுங்கள். பொய் வழக்கு என்று காட்ட முடிந்தால், பட்டியலினத்தார் மீது பொய்யாகவோ தீய நோக்கோடோ வழக்குத் தொடுப்பதே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(பி) பிரிவில் குற்றம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

வன்கொடுமை: ‘பொதுப்பார்வை’ எங்கே தொடங்குகிறது?

மாணவரின் புகார் போயிருக்க வேண்டிய கதவு 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, பட்டியலினத்தவர் ஒருவரைப் பொதுப்பார்வைக்கு உட்பட்ட இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கோடு வேண்டுமென்றே அவமதிப்பது 3(1)(ஆர்). சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது 3(1)(எஸ்). எழுத்தாலோ பேச்சாலோ காட்சியாலோ பட்டியலினத்தார் மீது பகையையும் வெறுப்பையும் தூண்டுவது 3(1)(யு). நம் மக்கள் உயர்வாக மதிக்கும் மறைந்த ஒருவரை இழிவுபடுத்துவது 3(1)(வி). பட்டியலினப் பெண்ணிடம் பாலியல் தன்மையுள்ள சொற்களைப் பயன்படுத்துவது 3(1)(டபிள்யு)(ii). ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. 18ஏ பிரிவின்படி முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. ‘சைபர் கிரைமுக்கு அனுப்பி ரிப்போர்ட் வரட்டும்’ என்று காத்திருக்கச் சொல்வதற்குச் சட்டத்தில் இடமில்லை. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு 4ஆம் பிரிவு இருக்கிறது.

3(1)(வி) பிரிவை நம் பகுதியில் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை. 1957 செப்டம்பர் 11 அன்று கொல்லப்பட்ட இம்மானுவேல் சேகரனின் நினைவு நாளையொட்டி அவர் படத்தைச் சிதைத்து வரும் பதிவுகளைப் பார்த்திருப்பீர்கள். பரமக்குடியில் 2011இல் அதே நாளில் காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் ஆறு பேர் இறந்த மண்ணில், அத்தகைய படம் ஒன்று என்ன செய்யும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்பேத்கர் படத்துக்கும் இதே பிரிவுதான். இங்கே தனிப்பட்ட பாதிப்பை நிறுவ வேண்டியதில்லை என்பதால் அவதூறுச் சட்டத்தின் பெருந்தடை இல்லாமல் போகிறது.

அடுத்த கேள்வி, சமூக ஊடகம் ‘பொதுப்பார்வைக்கு உட்பட்ட இடமா’ என்பது. முகநூல் பதிவு பொதுப்பார்வைக்கு உட்பட்டதே, பதிவின் அமைப்பு நண்பர்களுக்கு மட்டும் என்று வைக்கப்பட்டிருந்தாலும் அப்படியே என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2017 ஜூலையில் கூறியது. ஆனால் அந்த வழக்கிலேயே, பதிவு குறிப்பிட்ட நபரைச் சுட்டவில்லை என்று முதல் தகவல் அறிக்கையை ரத்தும் செய்தது. யூடியூபில் ஏற்றப்பட்ட பேச்சு குறித்து 2022 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் இன்னும் தெளிவாகப் பேசியது. காணொளியை யாரெல்லாம் பார்க்கிறார்களோ, பார்க்கும்போதெல்லாம் இழிவுபடுத்தப்பட்டவர் அங்கே இருக்கிறார் என்றே கொள்ள வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் மாதம், பட்டியலினத் திரைக் கலைஞர்களை இழிவாகப் பேசிக் காணொளி வெளியிட்ட நடிகை மீரா மிதுன் இச்சட்டத்தின் கீழ்க் கேரளத்தில் கைது செய்யப்பட்டார். விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் வன்னியரசு கொடுத்த புகாரில் சென்னை சைபர் குற்றப்பிரிவு செயல்பட்டது. பலத்த எதிர்ப்பு எழுந்தால் சட்டம் நகரும் என்பதற்கு அது சான்று. எழாவிட்டால் நகராது என்பதற்கும்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் இப்போது கையில் எடுப்பவை இரண்டு தீர்ப்புகள். ஒன்று, திருச்சி மாவட்டம் லால்குடிப் பகுதி வழக்கில் 2025 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் அளித்தது. அலுவலக அறையின் நான்கு சுவருக்குள், பிறர் இல்லாதபோது நடந்த வசவு பொதுப்பார்வையில் நடந்ததாகாது என்று வழக்கை ரத்து செய்தது. இதிலிருந்து, ஒருவருக்கு மட்டும் அனுப்பப்பட்ட தனிச் செய்தியை 3(1)(ஆர்), (எஸ்) பிரிவுகளுக்குள் கொண்டுவருவது கடினம் என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். குழு, ஸ்டேட்டஸ், ரீல் ஆகியவற்றின் நிலை வேறு. எனவே புகாரில் எத்தனை பேர் கொண்ட குழு, ஸ்டேட்டஸை யார் யார் பார்த்தார்கள், அவர்களில் இருவர் மூவரின் பெயர் என்ன என்பதை எழுதியாக வேண்டும்.

மற்றொன்று 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்த ஷாஜன் ஸ்காரியா தீர்ப்பு. பட்டியலினத்தைச் சேர்ந்த கேரளச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரைப் பற்றி யூடியூபில் குற்றஞ்சாட்டியவருக்கு உச்ச நீதிமன்றம் முன்பிணை வழங்கியது. அவமதிக்கப்பட்டவர் பட்டியலினத்தவர் என்று தெரிந்திருந்தால் மட்டும் போதாது, அவமதிப்பு அவருடைய சாதி அடையாளத்தோடு நெருங்கிப் பிணைந்ததாக இருக்க வேண்டும் என்றது. 3(1)(யு) பிரிவு சமூகத்தைக் குறிவைத்தால்தான் பொருந்தும், தனிநபரைக் குறிவைத்தால் பொருந்தாது என்றும் கூறியது. அந்தக் காணொளி அதிகபட்சம் அவதூறாகலாம் என்பது நீதிமன்றத்தின் கருத்து. அந்த வழக்கின் விவரங்களுக்கு இது சரியாகவே இருக்கலாம். அரசியல்வாதி மீதான ஊழல் குற்றச்சாட்டுக்கெல்லாம் வன்கொடுமைச் சட்டத்தை நீட்டினால் சட்டம் தேய்ந்துபோகும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் ‘சாதியோடு நெருங்கிப் பிணைந்தது’ என்பதை யார், எப்படிப் படிப்பது?

தென் மாவட்டங்களில் வளர்ந்த எவருக்கும் தெரியும், சாதி இழிவு சாதிப் பெயரைச் சொல்லி வருவது குறைந்துவிட்டது. ஒரு திரைப்பாடலின் இரண்டு வரி, ஒரு கயிற்றின் நிறம், ஒரு விலங்கின் எமோஜி, ‘அந்தப் பக்கத்து ஆட்கள்’ என்ற ஒரு சொல் போதும். ஊர்க்காரருக்கு அது செவியில் அறைந்தாற்போல் விளங்கும். நீதிபதிக்கு அது வெறும் பாட்டு. எனவே புகாரில் ஒரு தனிப் பத்தி ஒதுக்கி, இந்தச் சொல் அல்லது குறி எங்கள் வட்டாரத்தில் எந்தப் பொருளில், எந்தச் சாதியைச் சுட்டிப் பயன்படுகிறது, இதற்கு முன் எங்கே பயன்பட்டது என்று விளக்க வேண்டும். சாதிப் பெயர் வெளிப்படையாக இல்லையென்றால் 3(1)(எஸ்) நிற்காது, 3(1)(ஆர்) நிற்கும். இந்தப் பத்தி இல்லாத புகார்கள் ரத்து மனுவின்போது ஒவ்வொன்றாக விழுகின்றன.

‘நான் எழுதவில்லை, அனுப்பினேன் அவ்வளவுதான்’ என்பாருக்கு எஸ்.வி. சேகர் வழக்கு பதில் சொல்கிறது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பிறரின் பதிவை 2018 ஏப்ரலில் முகநூலில் பகிர்ந்தவர் அவர். பகிர்வது ஒப்புக்கொள்வதற்குச் சமம் என்று கூறி உயர் நீதிமன்றம் அந்த ஆண்டே முன்பிணை மறுத்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. 2024 பிப்ரவரியில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. படித்துப் பார்க்காமல் பகிர்ந்துவிட்டேன் என்ற சமாதானம் எடுபடவில்லை. இது நம் இளைஞர்களுக்கும் பொருந்தும். கண்டிப்பதற்காகவே ஆனாலும் இழிவான காணொளியை அப்படியே மறுபடி பரப்பாதீர்கள். அதிலுள்ள பெண்கள் இன்னொரு முறை தெருவில் நிறுத்தப்படுவதைத் தவிர அதனால் ஆவது ஒன்றுமில்லை.

அந்தரங்கம்: மறைக்க வேண்டிய பெயரும் மறைக்கக் கூடாத பெயரும்

அந்தரங்க உரிமை பற்றிய பேச்சு பெரும்பாலும் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அளித்த புட்டசாமி தீர்ப்பிலிருந்து தொடங்கும். எனக்கு அதைவிடப் பழைய, நம் மாநிலத்து வழக்கு ஒன்றே அடித்தளமாகத் தோன்றுகிறது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் தன் வரலாற்றை எழுதி, அதில் காவல்துறை அதிகாரிகளுக்கும் தனக்குமிருந்த தொடர்புகளைச் சொன்னார். ‘நக்கீரன்’ அதை வெளியிட முற்பட்டபோது சிறைத்துறை தடுத்தது. 1994 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த ராஜகோபால் தீர்ப்பு மூன்று கோடுகளை இழுத்தது. ஒவ்வொருவருக்கும் தனித்து விடப்படும் உரிமை உண்டு. ஆனால் நீதிமன்றப் பதிவு உள்ளிட்ட பொது ஆவணங்களில் இருப்பதை வெளியிட அனுமதி தேவையில்லை. அதிகாரிகள் முன்கூட்டித் தடை கேட்கவும் முடியாது. அதே வேளையில் பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயர் பொது ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடலாகாது.

பாதிக்கப்பட்டவரை மறை, அதிகாரத்தைத் திற. முப்பது ஆண்டுகளுக்கு முன் இழுத்த இந்தக் கோடு இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று பார்த்தால், இரு முனைகளிலும் தலைகீழாகிக்கொண்டிருக்கிறது.

முதல் முனை, நம் பெண்களும் சாதி மறுப்பு இணையரும். வீட்டை விட்டு வெளியேறிய பெண்ணின் படம் ‘காணவில்லை’ என்ற பெயரில் சாதிக் குழுக்களில் சுற்றுகிறது. அதில் உடன் சென்ற இளைஞரின் பெயர், ஊர், வண்டி எண் எல்லாம் இருக்கும். பார்ப்பதற்கு அக்கறை, உண்மையில் அது வேட்டைக்கான அறிவிப்பு. சிறப்புத் திருமணச் சட்டம் 30 நாள் முன்னறிவிப்பை அலுவலகத்தில் ஒட்டச் சொல்கிறது. அந்தத் தாளைப் படமெடுக்க ஒரு நொடி போதும். ஆகையால்தான் சாதி மறுப்பு இணையர் இருவரும் இந்துக்களாக இருந்தால், 1967இல் தமிழ்நாடு சேர்த்த இந்துத் திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவை, அதாவது சுயமரியாதைத் திருமணத்தை, நாங்கள் பரிந்துரைக்கிறோம். முன்னறிவிப்பும் இல்லை, புரோகிதரும் இல்லை. இத்திருமணத்தை ஊரறியச் செய்யத் தேவையில்லை, அவ்வாறு கட்டாயப்படுத்துவது இணையரின் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 28 அன்று கூறி, அதற்கு மாறான சென்னை உயர் நீதிமன்றத்தின் பழைய தீர்ப்பை ஒதுக்கியது. அந்தரங்க உரிமை என்ற சொல் அத்தீர்ப்பில் எவ்வளவு இடம் பிடித்தது என்பது முக்கியமில்லை. அந்தரங்கம் என்றால் என்ன என்பதை உயிர் பிழைத்த இணையரைக் கேட்டால் சொல்வார்கள்.

அந்தரங்கப் படங்கள் வெளியிடப்பட்டால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ, 67, 67ஏ பிரிவுகள் உள்ளன. 2021 விதிகளின் 3(2)(பி) பிரிவு வந்தபோதே, பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் நிறுவனம் அதை நீக்க வேண்டும் என்று கெடு வைத்தது. நீக்காவிட்டால் 79ஆம் பிரிவு அந்நிறுவனத்துக்குத் தரும் பாதுகாப்பு போய்விடும். 2025 ஜூலையில் வழக்கறிஞர் ஒருவரின் அந்தரங்கக் காணொளிகள் பரவிய வழக்கில், அவற்றை 48 மணி நேரத்தில் முடக்குமாறு ஒன்றிய அரசுக்கு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. வழக்கறிஞருக்கே நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது என்றால், உசிலம்பட்டிப் பக்கத்தில் பஞ்சாலைக்குப் போகும் ஒரு பெண் என்ன செய்வாள்? விதி இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. அவள் கேட்கப்போகும் முதல் ஆளும், ‘போனை ஏன் கையில் கொடுத்தாய்’ என்றே கேட்பார்.

இரண்டாம் முனை இன்னும் கவலைக்குரியது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு 2021இல் ஒரு மனு வந்தது. பாலியல் குற்றச்சாட்டிலிருந்து 2014இல் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்ட ஒருவர், இணையத்திலுள்ள தீர்ப்பில் தன் பெயரை நீக்கக் கேட்டார். அத்தீர்ப்பால் தனக்கு ஆஸ்திரேலியக் குடியுரிமை மறுக்கப்பட்டதாக அவர் கூறினார். சட்டம் இயற்றப்படாத நிலையில் அவ்வாறு ஆணையிட முடியாது என்று தனி நீதிபதி தள்ளுபடி செய்தார். 2024 பிப்ரவரி 27 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. பெயரை மறைக்கவும், தீர்ப்புகளைத் தொகுக்கும் இணையதளம் அதை நீக்கவும் ஆணையிட்டது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

அந்த மனுதாரர்மீது எனக்குப் பகையில்லை. விடுவிக்கப்பட்ட மனிதர் ஒரு தேடுபொறியின் முதல் பக்கத்தில் ஆயுள் தண்டனை அனுபவிப்பது அநீதியே. பொய் வழக்கில் சிக்க வைக்கப்பட்டு விடுதலையான நம் இளைஞர்களுக்கும் இந்த உரிமை உதவும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் ‘விடுவிக்கப்பட்டால் பெயர் மறைக்கப்படும்’ என்பது பொது விதியானால் என்ன ஆகும்? கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பின்னர் உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தது. ஆந்திரத்தின் சுண்டூரில் 1991இல் தலித் மக்கள் கொல்லப்பட்ட வழக்கிலும் 2014இல் உயர் நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. இந்த விடுதலைத் தீர்ப்புகளே சாதி நீதிக்கு எதிரான குற்றப்பத்திரிகையாக இன்று நம் கையில் இருக்கின்றன. அவற்றிலிருந்து பெயர்களை உருவிவிட்டால் எஞ்சுவது யாரும் எரிக்காமல் எரிந்த ஒரு குடிசை. வன்கொடுமை வழக்குகளில் விடுதலை என்பது பெரும்பாலும் சாட்சி பிறழ்ந்ததன் விளைவு என்பதை நீதிமன்றங்களே அறியும். எனவே மறக்கப்படும் உரிமைக்குச் சட்டம் வருமானால், வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் குற்றஞ்சாட்டப்பட்டவரின் பெயரை மறைக்கும் முன் பாதிக்கப்பட்டவரை 15ஏ பிரிவின்படி கேட்டாக வேண்டும் என்ற விதி அதில் இருக்க வேண்டும்.

இதே திசையில்தான் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நடக்கிறது. 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. முன்பு தனிப்பட்ட தகவலை மறுக்கும் அலுவலர், அது பொதுச் செயல்பாட்டோடு தொடர்பில்லாதது என்று காட்ட வேண்டும். இப்போது ‘தனிப்பட்ட தகவல்’ என்று சொன்னாலே போதும். பஞ்சமி நிலம் யார் பெயருக்கு எந்த ஆண்டு மாறியது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பெற்ற ஆவணங்களைக் கொண்டே பல ஊர்களில் மீட்புப் போராட்டம் நடக்கிறது. இனி அந்தப் பெயர்கள் தனிப்பட்ட தகவல் ஆகலாம். மனுக்களில் இப்போதே 8(2) பிரிவைச் சேர்த்து எழுதுங்கள். பொதுநலன் மேலோங்கினால் தகவல் தரலாம் என்ற அந்தப் பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது.

அழித்தாலும் நிற்கும் சாட்சியம்

பதிவை அழித்துவிட்டால் குற்றம் அழிவதில்லை. அழிவது சாட்சியம்தான், அதுவும் நாம் தாமதித்தால்தான். எனவே முதல் வேலை திரையைப் படமெடுப்பது. படத்தில் பதிவிட்டவரின் கணக்குப் பெயர், எண், நாள், நேரம், இணைய முகவரி ஆகியவை தெரிய வேண்டும். காணொளியாயின் திரைப்பதிவு செய்து, தொடக்கத்தில் கணக்குப் பக்கத்தையும் காட்டுங்கள். பிறகு அந்தக் கைப்பேசியை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், முழுதாக அழித்துப் புதுப்பிக்காதீர்கள்.

மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020 ஜூலை 14 அன்று அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அன்று அது சாட்சியச் சட்டத்தின் 65பி. இன்று பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு. புதிய படிவத்தில் இரண்டு பகுதிகள். ஒன்றில் பதிவைத் தருபவரும் மற்றொன்றில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ஹேஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் மாறிவிடும் எண்வரிசை அது. கோப்பின் கைரேகை எனலாம். மூலக் கைப்பேசியையே அதன் உரிமையாளர் சாட்சிக் கூண்டில் ஏறி ஒப்படைத்தால் சான்றிதழ் இல்லாமலும் ஏற்கப்படும். வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி வந்த பிரதியைவிட, முதலில் பார்த்தவரின் கைப்பேசி நூறு மடங்கு வலுவானது.

மின்னணுச் சாட்சியம் என்ன செய்யும் என்பதற்கு மதுரையிலேயே எடுத்துக்காட்டு உண்டு. கோகுல்ராஜ் கொலை வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2015இல் தலைமறைவாக இருந்த யுவராஜ் வாட்ஸ்அப் ஒலிப்பதிவுகள் வழியே தன் தரப்பைப் பரப்பிக்கொண்டிருந்த வழக்கு அது. முக்கியச் சாட்சி பிறழ்ந்த பின்னும், திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோவிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு நின்றது. 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் கேமராக்கள் இருந்த இடங்களைக் கோவிலுக்கே நேரில் சென்று பார்த்தார்கள். 2023 ஜூனில் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தார்கள்.

மேலூர் மாணவரின் புகாரைத் திரும்ப எழுதினோம். ‘அவதூறு’ என்ற சொல்லை நீக்கினோம். 3(1)(ஆர்), (எஸ்), (டபிள்யு)(ii) என்று பிரிவுகளைக் குறித்தோம். அந்த வசவு எங்கள் வட்டாரத்தில் எந்தச் சாதிப் பெண்களை நோக்கி வழங்குகிறது என்று ஆறு வரி எழுதினோம். ஸ்டேட்டஸைப் பார்த்த இருவரின் பெயரைச் சேர்த்தோம். பதிவுத் தபாலில் ஒரு பிரதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் ஒன்று ஆட்சியருக்கும் போயிற்று. பெண்களின் பெயரைப் புகாரோடு இணைத்த தனித்தாளில், மூடிய உறையில் கொடுத்தோம். மூலப் பதிவு? மாணவரின் அத்தை மகள், சென்னையில் வேலை பார்ப்பவள், அன்றிரவே தன் கைப்பேசியில் திரைப்பதிவு செய்து வைத்திருந்தாள். அந்தக் கைப்பேசியில் அப்போது திரை உடைந்திருந்தது. புதிது வாங்கிக்கொள், பழையதை மட்டும் கடையில் கொடுத்துவிடாதே என்று சொல்லியிருக்கிறேன்.